ட்ரங்குப் பெட்டியில கிடக்கிற பழைய கிரிக்கெட் கார்ட், டிக்கெட், கையெழுத்து எல்லாத்தையும் விலை பாத்து விக்கிறது எப்பிடி: திருகோணமலையில இருந்து ஒரு முழு வழிகாட்டி

பெரியப்பாட ஆட்டைத்திவசம் முடிஞ்ச அடுத்த கிழமைதான் அவர்ட ட்ரங்குப் பெட்டியைத் திறந்தம். டொக்யாட்டில கிளாக்கா இருந்தவர், 1957ல இங்கிலீசுக்காரன் நேவித் தளத்தைக் கையளிச்சிட்டுப் போகுமட்டும் அவங்களோட வேலை செய்தவர், கிரிக்கெட் எண்டாலும் புட்போல் எண்டாலும் சோறு தண்ணி தேவையில்லை அவருக்கு. பெட்டிக்குள்ள ஜோன் பிளேயர் சிகரெட் கார்ட் (சிகரெட் பெட்டிக்குள்ள போட்டு வந்த படக் கார்ட்) அல்பம் ஒண்டு, உதிரிக் கார்ட் முப்பது சொச்சம், மட்ச் டிக்கெட்டுகள், புரோகிராம், கையெழுத்து இருக்கிற ஒரு சின்ன பட், ஸ்போர்ட்ஸ்டார் நடுப்பக்கப் போஸ்டர் ஒரு கட்டு, 1996 மார்ச் மாசத்துப் பேப்பர்கள், பிறகு எங்களுக்கு வாங்கித் தந்த டிரம்ப் கார்ட் ஒரு பிஸ்கட் டின் நிறைய. இதையெல்லாம் வித்து முடிக்க எனக்கு ஒண்டேகால் வருசம் போச்சு, அதில முதல் மூண்டு மாசம் செய்தது அவ்வளவும் பிழை.

திருகோணமலையில இப்பிடிப் பெட்டி இருக்கிற வீடு ஒண்டு ரெண்டு இல்லை. நேவி இருந்த ஊர், கப்பல் வந்துபோன ஊர், ஏகாம்பரம் கிரவுண்டில மட்ச் எண்டால் கடையைப் பூட்டிப்போட்டுப் போன ஊர். 90ல சண்டைக்கு ஓடினதிலயும் 2004 சுனாமியிலயும் தப்பினது எவ்வளவோ, தப்பினதும் இப்ப என்னாகுது எண்டால் பிள்ளையள் கனடாவிலயும் லண்டனிலயும், வீட்டை விக்கப் போகேக்க போத்தல் பேப்பர் வாங்க வாறவருக்குக் கிலோக் கணக்கில போகுது. அதைப் பாக்கத்தான் எனக்கு வயித்தெரிச்சல், அதுதான் இவ்வளவு நீளமா எழுதுறன்.

முதல் கிழமை ஒண்டையும் தொடாதீங்கோ

பெட்டியைத் திறந்த உடன எல்லாருக்கும் வாற முதல் யோசனை துடைச்சு வடிவாக்குவம் எண்டுதான். தயவுசெய்து செய்யாதீங்கோ. ஈரத்துணி, அழிறப்பர், டிஷ்யூ, அயன் பொக்ஸ் ஒண்டும் வேண்டாம். வளைஞ்ச கார்ட்டை அயன் பண்ணி நிமித்தினால் மேற்பக்கத்து மினுக்கம் போயிரும், ஓரம் கிழிஞ்சதை வெட்டி நேராக்கினால் அந்தக் கார்ட் முடிஞ்சுது, வெட்டின கார்ட்டுக்கு கிரேட் பண்ற (நிலைமை பாத்து பத்துக்கு இத்தினை எண்டு நம்பர் போடுற) கொம்பனியள் நம்பரே போடாது, அசல் எண்டு மட்டும் எழுதித் தருவாங்கள். லமினேட் பண்ணினால் அதோட சரி. கிழிஞ்ச டிக்கெட்டுக்கு செலோடேப் ஒட்டினால் நாலைஞ்சு வருசத்தில அந்தப் பசை மஞ்சளாகி பேப்பருக்குள்ள ஊறிப்போகும், பிறகு எடுக்கவே ஏலாது.

அல்பத்தில ஒட்டிக் கிடக்கிற கார்ட்டை தண்ணியில ஊறவைச்சுக் கழட்டலாம் எண்டு யூடியூப்பில ஆயிரம் பேர் காட்டுவினம். 1930களின்ட நடுவில இருந்து பிளேயர் கொம்பனி கார்ட்டின்ட பின்பக்கத்திலயே பசை பூசி வெளியிட்டது, ஒட்டுறதுக்கு அல்பம் ஒரு பென்னிக்கு வித்தது, அதால அந்தக் காலத்துக் கார்ட்டுகளில கனக்க அல்பத்தில ஒட்டினபடிதான் கிடைக்கும். ஒட்டினது ஒட்டினதாகவே இருக்கட்டும். கழட்டப் போய் பின்பக்கத்து எழுத்து உரிஞ்சு வந்தால் இருந்த கொஞ்ச விலையும் இல்லை.

அந்தக் கிழமைக்குள்ள செய்யவேண்டிய ஒரே வேலை பத்திரமான இடத்துக்கு மாத்துறது. எங்கட ஊர்க் காத்து உப்புக் காத்து, அதோட ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்கு சுவரே வேர்க்கும். சீமெந்துத் தரையில பெட்டியை வைக்காதீங்கோ, வாங்குக்கு மேல வையுங்கோ, சுவரில முட்டாம ஒரு சாண் தள்ளி. கறையானும் இராமபாணமும் ரப்பர் பட்டியும் மூண்டும் எதிரிதான், ரப்பர் பட்டியைத்தான் கனபேர் மறந்துபோறது, அது உருகி கார்ட்டோட ஒட்டினால் ரெண்டு பக்கமும் தழும்பு விழும். சப்பாத்துப் பெட்டிக்குள்ள வாற சிலிக்கா ஜெல் பைக்கற் நாலைஞ்சு சேத்துப் போடுங்கோ, அது காணும். பூச்சி உருண்டையைக் கார்ட்டுகளோட சேத்துப் போடவேண்டாம், பிளாஸ்டிக் உறையை அது இளக வைக்கும்.

சீஆர் கொப்பியும் பெரியம்மாவும்

இந்தப் பகுதியைத்தான் நான் ஆறுதலா எழுதப் போறன், ஏனெண்டால் காசு பாதி சாமானில இருக்கு, மற்றப் பாதி அந்தச் சாமான் ஆர்ட கையால ஆர்ட கைக்கு வந்தது எண்ட கதையில இருக்கு. கதை எழுத்தில இல்லாட்டி வாங்கிறவனுக்கு அது கதை இல்லை.

120 பக்க சீஆர் கொப்பி ஒண்டு வாங்குங்கோ. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு நம்பர். என்ன சாமான், ஆர் வெளியிட்டது, முன்னால என்ன, பின்னால என்ன எழுதியிருக்கு எண்டு எழுத்துக்கு எழுத்து, அகலம் நீளம் மில்லிமீட்டரில, எங்க பழுது, கடைசியா ஒரு பெரிய இடம் விட்டு கதை. நம்பரை சாமானில எழுதாதீங்கோ, பென்சிலாலயும் வேண்டாம், உறையில எழுதுங்கோ. போனால முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும் போட்டோ, ஜன்னலுக்குப் பக்கத்தில பகல் வெளிச்சத்தில, பிளாஷ் இல்லாம.

கதைக்கு வீட்டில இருக்கிற மூத்த ஆளைப் பிடியுங்கோ, இண்டைக்கே. நான் எங்கட பெரியம்மாவை ஒரு பின்னேரம் விறாந்தையில இருத்தி போன் ரெக்கோடரைப் போட்டுவிட்டு அல்பத்தைக் காட்டினன். நேவிக்காரர் குடுத்திட்டுப் போனது எண்டுதான் வீட்டில எல்லாரும் சொல்லிக்கொண்டு திரிஞ்சது. பெரியம்மா அல்பத்தை மடியில வைச்சு முதல் பக்கத்தைத் தடவிப் பாத்திட்டுச் சொன்னா, "இல்லையடா தம்பி, நேவிக்காரன் குடுத்தது அந்த உதிரிக் கார்ட். இது உங்கட பெரியப்பா டொக்யாட் ஸ்டோர்சில சாமான் ஏலம் போட்ட நேரம் எடுத்தவர், ரசீதும் எங்கயோ வைச்சவர்." அந்த ரசீது அல்பத்தின்ட கடைசி மட்டைக்குள்ள மடிச்சுச் செருகிக் கிடந்தது! அதுவரை ஒருத்தரும் அந்த மட்டையைத் திறந்து பாக்கேல்ல. சாதாரண அல்பம்தான், ஆனா ரசீதோட சேத்து வித்தபடியால் அதே மாதிரி மற்ற அல்பம் போற விலையைப் போல ரெண்டு மடங்குக்கு மேல போனது, வாங்கினது இங்கிலாந்தில ஒரு பழைய நேவிக் குடும்பத்துப் பிள்ளை.

பெரியம்மா சொன்னதை எழுதி, திகதி போட்டு, அவட கையெழுத்தும் வாங்கி வையுங்கோ. பழைய கடிதம், என்வலப், அந்த மட்ச்சுக்குப் போன நாள் எடுத்த குடும்பப் போட்டோ, பஸ் டிக்கெட், எல்லாம் சாட்சிதான். 2020 ஜனவரியில ஷேன் வோர்ன்ட அவுஸ்திரேலிய டெஸ்ட் அணிப் பச்சைத் தொப்பி காட்டுத்தீ நிவாரணத்துக்கு ஏலம் போனது, 10 லட்சம் அவுஸ்திரேலிய டொலருக்கு மேல. தொப்பியில இருந்த துணி அவ்வளவு பெறுமதியில்லை, அவர்ட தலையில இருந்து நேரா வந்தது எண்டதில ஒரு சந்தேகமும் இல்லை, அதுக்குத்தான் அந்தக் காசு.

என்ட பெரிய பிழையும் இங்கதான். பெட்டி திறந்த முதல் மாசமே வெளியூரில இருந்து ஒருத்தர் கேள்விப்பட்டு வந்தார், நல்ல மரியாதையா கதைச்சார், டிக்கெட் கட்டை முழுசா 6,000 ரூபாய்க்கு எடுத்திட்டுப் போனார். அதுக்குள்ள 1982 பெப்ரவரியில சரா ஓவலில இங்கிலாந்தோட நடந்த எங்கட முதலாவது டெஸ்ட் மட்ச் டிக்கெட் அடிக்கட்டை இருந்தது, பெரியப்பா இரவு மெயில் ரயிலில போய்ப் பாத்தது, பின்பக்கத்தில தன்ட கையால ஆரார் கூட வந்தது எண்டு எழுதி வைச்சிருந்தவர். நான் எண்ணவும் இல்லை, போட்டோவும் எடுக்கேல்ல. இப்ப நினைச்சாலும் நெஞ்சு கனக்குது, விலைக்காக இல்லை, அந்த எழுத்துக்காக. மொத்தமா எடுக்கிறன் எண்டு வாற ஆளுக்கு கொப்பி முடியுமுன்னம் ஒரு பேப்பர் துண்டும் குடுக்காதீங்கோ.

எது என்ன எண்டு பிரிக்கிறது

கனபேர் நினைக்கிறது பழசு எண்டால் விலை. அப்பிடி இல்லை. எல்லாரும் பத்திரப்படுத்தினது மலிவு, எல்லாரும் எறிஞ்சதுதான் விலை. 1952ல டொப்ஸ் கொம்பனி அடிச்ச பேஸ்போல் கார்ட் விக்காமக் கிடந்து, கடைசியில 1960ல பெட்டி பெட்டியாக் கொண்டுபோய் கடலில கொட்டினது எண்டு அந்தக் கொம்பனியில இருந்த சை பேர்கரே சொல்லியிருக்கிறார். அந்த வரிசையில வந்த மிக்கி மான்டில் எண்ட ஆட்டக்காரர்ட கார்ட் ஒண்டு 2022 ஓகஸ்டில 1 கோடி 26 லட்சம் டொலருக்குப் போனது. இதுக்கு மறுபக்கம் 80களின்ட கடைசி, 90களின்ட தொடக்கத்தில அமெரிக்காவில அடிச்ச கார்ட்டுகள், சனம் முதலீடு எண்டு உறை பிரிக்காமலே அடுக்கி வைச்சது, இண்டைக்கும் அது ஒண்டுக்கும் உதவாது.

இதையே எங்கட பெட்டிக்குப் போட்டுப் பாருங்கோ. 1996 மார்ச் 17 லாகூரில உலகக் கிண்ண இறுதி மட்ச்சில அவுஸ்திரேலியாவை வெண்ட அடுத்த நாள் பேப்பர், அரவிந்தவின்ட 107, அர்ஜுன கப்பைத் தூக்கின படம், இலங்கையில அதை வைச்சிராத வீடே இல்லை, அதால விலையும் இல்லை. ஸ்போர்ட்ஸ்டார் போஸ்டரும் அப்பிடித்தான், சுவரில ஒட்டாம மடிப்புக் குலையாம இருந்தால் கட்டாச் சேத்துக் கொஞ்சம் கிடைக்கும். டிரம்ப் கார்ட் ஞாபகத்துக்கு நல்லது, காசுக்கு இல்லை.

ஆனா சுவேஸ் வழியாக் கப்பலில இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போய்வந்த அணிகள் கொழும்பில இறங்கி ஒரு நாள் மட்ச் ஆடிப்போட்டுப் போன காலம் ஒண்டு இருந்தது, 1882ல ஐவோ பிளையின்ட இங்கிலாந்து அணியே ஆடினது. அந்த மட்ச்சுகளின்ட புரோகிராம், விருந்து மெனு கார்ட், கையெழுத்துத் தாள், இதுகளை ஆரும் வைச்சிருக்கேல்ல. 1948 மார்ச்சில பிராட்மன்ட அவுஸ்திரேலிய அணி கொழும்பு ஓவலில ஆடின மட்ச், பிட்ச் 22 யாருக்குப் பதிலா 20 யார்தான் இருந்தது எண்டு பிறகு கண்டுபிடிச்ச மட்ச், பிராட்மன் 20 ஓட்டம், இலங்கையில அவர் கடைசியா ஆடினது அதுதான். அதின்ட ஒரு புரோகிராம் உங்கட வீட்டில கிடந்தால் தயவுசெய்து கைகழுவிப்போட்டு எடுங்கோ. அந்த கிரவுண்ட் தமிழ் யூனியன் கிளப்பின்ட கிரவுண்ட், இப்ப பாக்கியசோதி சரவணமுத்துவின்ட பேரில இருக்கு. 1947ல சேப்பாக்கத்தில 215 ஓட்டம் அடிச்ச எங்கட கிரிக்கெட் வீரர் சதாசிவத்தின்ட கையெழுத்து, 1958 ஆசிய விளையாட்டில உயரம் பாய்ஞ்சு தங்கம் எடுத்த எதிர்வீரசிங்கத்தின்ட கையெழுத்து, இதெல்லாம் உலகச் சந்தையில பெரிய தொகை வராம இருக்கலாம், ஆனா எங்கட ஆக்களுக்குள்ள தேடுற ஆள் இருக்கு, லண்டனிலயும் டொரன்டோவிலயும் இருக்கு.

சிகரெட் கார்ட்டைப் பற்றிச் சுருக்கமா. வில்ஸ் எண்ட சிகரெட் கொம்பனி 1896லயே கிரிக்கெட் வீரர் வரிசை போட்டது, பிளேயர் 1930, 1934, 1938 மூண்டு தரமும் 50 கார்ட் வரிசை. 1940 அளவில யுத்தத்தால பேப்பர் தட்டுப்பாடு வந்து சிகரெட் பெட்டியில கார்ட் போடுறதையே நிப்பாட்டினாங்கள். பிளேயர் கார்ட் கோடிக்கணக்கில அடிச்சது, அதால முழு வரிசையும் சில பத்துப் பவுணுக்குத்தான் போகும், 1938 பிராட்மன் கார்ட் இருக்கு எண்டு தலைகால் தெரியாமக் குதிக்கவேண்டாம். 1896 வில்ஸ் ஒண்டு சுத்தமாக் கிடந்தால் அது வேற கதை. லண்டன் சிகரெட் கார்ட் கொம்பனி எண்டு 1927ல இருந்து இதே தொழிலா இருக்கிற ஆக்கள் வருசா வருசம் விலைப் பட்டியல் போடுறாங்கள், அது கடை விக்கிற விலை, நீங்கள் வித்தால் அதில பாதி கிடைச்சாலே நல்லது.

அசலா நகலா

இதுக்கு மூண்டு சாமான் வேணும்: மில்லிமீட்டர் அடிமட்டம், நகைக்கடைக்காரர் கண்ணில வைச்சுப் பாக்கிற 10 மடங்கு லென்ஸ், காசு நோட்டு செக் பண்ற ஊதா லைட். மூண்டும் சேத்து பெரிய செலவில்லை.

சாதாரண சிகரெட் கார்ட் 36 க்கு 68 மில்லிமீட்டர். அதில குறைஞ்சால் ஆரோ ஓரம் வெட்டியிருக்கிறான். ஊதா லைட்டை இருட்டறையில பிடியுங்கோ, கார்ட் நீலமா வெள்ளையா பளிச்செண்டு மின்னினால் அந்தப் பேப்பரில வெளுப்பு மருந்து இருக்கு, அந்த மருந்து பேப்பருக்குப் போடத் தொடங்கினது 1940களின்ட கடைசிக்குப் பிறகு. 1938 எண்டு எழுதியிருக்கிற கார்ட் மின்னினால் அது மறுபதிப்பு. மின்னாட்டி உடன அசல் எண்டும் இல்லை, ஒரு சோதினை பாஸ், அவ்வளவுதான். பழைய சிகரெட் கார்ட் வரிசைகள் கனக்க பிற்காலத்தில மறுபதிப்பு வந்திருக்கு, நேர்மையா அடிச்சவன் பின்னால சின்ன எழுத்தில போட்டிருப்பான், அதை வாசியுங்கோ.

கையெழுத்துக்கு லென்ஸ். எங்கட சின்ன பட்டில 15 கையெழுத்து இருந்தது, வீட்டில எல்லாருக்கும் அதுதான் பெட்டியிலயே பெரிய பொக்கிசம். ஜன்னலடியில வைச்சு லென்ஸால பாத்தன். பேனையால எழுதினால் கோடு தொடங்கிற இடத்தில மை கொஞ்சம் தேங்கும், வேகமா இழுத்த இடத்தில மெலியும், ஒரு கோட்டை மற்றது வெட்டுற இடத்தில ரெண்டு படை தெரியும், மரத்தின்ட நரம்பு வழிய மை கசிஞ்சிருக்கும். எங்கட பட்டில கோடு முழுக்க ஒரே தடிப்பு, கிட்டப் பாத்தால் குட்டிக் குட்டிப் புள்ளி, பேப்பரில அச்சடிச்ச படம் மாதிரி. 15 கையெழுத்தும் அச்சடிச்சது. நினைவுப்பொருள் கடையில ஆயிரக்கணக்கில வித்தது. பெரியம்மாட்ட அதைச் சொல்ல எனக்கு ரெண்டு நாள் பிடிச்சுது.

இன்னொரு கணக்கு, போல் பொயின்ட் பேனை கடைக்கு வந்தது 1940களின்ட நடுவில, பெல்ட் டிப் மார்க்கர் 1950களில. 1936 எண்டு திகதி போட்ட கையெழுத்து போல் பொயின்டில இருந்தால் அதோட கதை முடிஞ்சுது. பெரிய பேர் எண்டால், பெறுமதி இருக்கும்போல இருந்தால் மட்டும் பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் மாதிரி கையெழுத்தைச் சோதிக்கிற அமெரிக்கக் கொம்பனியளுக்கு சான்றிதழுக்குக் குடுங்கோ. விக்க வந்தவனே தன்ட கொம்பியூட்டரில அடிச்சுத் தாற சான்றிதழ் வெறும் தாள்.

நிலைமை பாக்கிறது

நாலு விசயம்: படம் நடுவில இருக்கா, மூலை கூரா இருக்கா, ஓரம் சொரசொரப்பா, மேற்பரப்பில கீறலோ மடிப்போ கறையோ இருக்கா. டோர்ச்சை சரிச்சுப் பிடிச்சு கார்ட்டை மெல்லத் திருப்புங்கோ, நேரா பாக்கேக்க தெரியாத மடிப்பு அப்பத்தான் தெரியும். எங்கட ஊர்க் கார்ட்டுகளுக்கு பொதுவான வருத்தம் ஈரத்தால வாற மண்ணிறப் புள்ளி, தேத்தண்ணி தெளிச்ச மாதிரி இருக்கும். அதைச் சுரண்டக்கூடாது, மறைக்கவும் கூடாது.

உங்கட கண்ணில பத்துக்கு எட்டு எண்டு படுறது உண்மையில அஞ்சு. நான் சும்மா சொல்லேல்ல, எங்கட வீட்டுச் சாமான் எண்டால் எங்களுக்கு மூலை மழுங்கினது தெரியாது. அதுக்குத்தான் கார்ட்டை வேற ஆளிட்டக் குடுத்துக் குறை சொல்லச் சொல்லோணும், நான் நகைக்கடையில வேலை செய்யிற என்ட மச்சானைப் பிடிச்சன், அவன்ட கண்ணுக்குத் தப்பாது.

பிஎஸ்ஏ மாதிரி கொம்பனிக்கு அனுப்பி நம்பர் போட்டு பிளாஸ்டிக் கூட்டுக்குள்ள அடைச்சு எடுக்கிறதுக்கு கிரேடிங் எண்டு பேர். இங்க இருந்து அனுப்ப, திருப்பி எடுக்க, காப்புறுதி, கட்டணம் எல்லாம் சேத்து ஒரு கார்ட்டுக்குப் பல ஆயிரம் ரூபாய் வரும், மாசக்கணக்கில காத்திருக்கவும் வேணும். கூட்டுக்குள்ள போனால் கூடுற தொகை இந்தச் செலவைப் போல மூண்டு மடங்காவது இருந்தால் அனுப்பலாம். எங்கட பெட்டியில ஒரு கார்ட்டும் அதுக்குத் தேறேல்ல.

விலை கண்டுபிடிக்கிறது

ஈபேயில தேடினால் முதல் வாற விலையைப் பாத்து மயங்காதீங்கோ, அது கேக்கிற விலை, ஆரும் எவ்வளவும் கேக்கலாம். பில்டரில வித்து முடிஞ்சது மட்டும் காட்டச் சொல்லி ஒரு தெரிவு இருக்கு, அதைப் போடுங்கோ. அதே வரிசை, அதே ஆள், கிட்டத்தட்ட அதே நிலைமை, கடைசி மூண்டு மாசத்துக்குள்ள வித்த அஞ்சு விலையை கொப்பியில எழுதுங்கோ. உதாரணத்துக்கு 12, 14, 15, 17, 45 பவுண் எண்டு வந்தால் சராசரி எடுக்கப்படாது, அந்த 45 ஆள் உங்களை ஏமாத்திப்போடுவார். நடுவில நிக்கிற 15ஐ எடுங்கோ. பிறகு அந்த 45 ஏன் போச்சு எண்டு திறந்து பாருங்கோ, கையெழுத்து இருந்திருக்கும், இல்லாட்டி பின்பக்கத்து அச்சில வித்தியாசம் இருந்திருக்கும், அப்பிடி ஒண்டு உங்களிட்டயும் இருக்கலாம்.

பிறகு கழிக்கிற கணக்கு. 20,000 ரூபாய்க்கு வித்தால் தளத்தின்ட கட்டணம் நூற்றுக்குப் பத்துக்கு மேல, காசு மாத்துற செலவு, உறை, தபால், எல்லாம் போக 15,000 கைக்கு வந்தால் சந்தோசம். இதாலதான் 1,000, 1,500 ரூபாய்ச் சாமானைத் தனித்தனியா வெளிநாட்டுக்கு விக்க வெளிக்கிடக்கூடாது, பத்துப் பதினைஞ்சை ஒரு கட்டாக்குங்கோ.

எங்க விக்கிறது

திருகோணமலையில இதுக்கெண்டு கடை இல்லை. கொழும்பில பழைய முத்திரை, நாணயம், புராதன சாமான் வாங்கிறவை இருக்கினம், அவை திருப்பி விக்க எடுக்கிறவை எண்டதால சந்தை விலையில மூண்டில ஒண்டு, மிஞ்சினால் பாதி தருவினம். அவசரக் காசுக்கு அது சரி, அதில பிழை ஒண்டும் இல்லை, ஆனா கொப்பி கையில இருக்கட்டும்.

நான் மூண்டாப் பிரிச்சன். நல்ல சாமானை இங்கிலாந்து ஏலக் கொம்பனியளுக்கு போட்டோ அனுப்பிக் கேட்டன். கிரிக்கெட் மாதிரி விளையாட்டுச் சாமானுக்கெண்டே நைட்ஸ், கிரஹாம் பட் மாதிரி ஏலக்காரர் இருக்கினம், போட்டோ பாத்து மதிப்புச் சொல்லுறதுக்கு பொதுவாக் காசு கேக்கிறதில்லை. அவையிட்ட மூண்டு கேள்வி எழுத்தில கேளுங்கோ: விக்கிறவரிட்ட எத்தினை வீதம் எடுப்பீங்கள், விலை போகாட்டி என்ன செலவு, இதுக்குக் கீழ குடுக்கவேண்டாம் எண்டு ஒரு அடிவிலை வைக்கலாமா. வழமையா 15இல இருந்து 20 வீதம் மட்டும் போகும். நடுத்தரச் சாமானை ஈபேயில போட்டன், அதுக்குக் காசு எடுக்க பேயோனியர் எண்ட இணையப் பணச் சேவையில கணக்கு திறக்கோணும், அடையாள அட்டை, பாங்க் விபரம் குடுத்து அது சரிவரவே கொஞ்ச நாள் எடுக்கும், அதால சாமான் போட முதல் அதைச் செய்து முடியுங்கோ. மிச்சத்தை பேஸ்புக் மார்க்கெட்பிளேசிலயும், எங்கட ஆக்கள் இருக்கிற வட்ஸ்அப் குறூப்புகளிலயும் போட்டன். புலம்பெயர்ந்த ஆக்கள்தான் இதில நல்ல வாங்கிற ஆக்கள், அவைக்கு ஏகாம்பரம் கிரவுண்ட் போட்டோ எண்டால் அது தங்கட சின்ன வயசு.

விளம்பரத்தில குறையை முதல் எழுதுங்கோ. மேல் வலது மூலை மழுங்கியிருக்கு, பின்னால ரெண்டு புள்ளி எண்டு சொல்லி அந்த இடத்தைக் கிட்டப் பிடிச்சுப் போட்டோ. குறை சொன்னால் விலை குறையும் எண்டு பயப்பிடவேண்டாம், திருப்பி அனுப்புறன் எண்டு சண்டைக்கு வாற ஆள்தான் குறைவார்.

கள்ளரும் வருவினம். கூடக் காசு அனுப்பிட்டன், மிச்சத்தைத் திருப்பி அனுப்பு எண்டுறவன், போனுக்கு வந்த ஓடிபி நம்பரைச் சொல்லு எண்டுறவன், கூரியர்காரன் காசோட வருவான் இந்த லிங்கை அமத்து எண்டுறவன், மூண்டு பேரும் ஒரே ஆக்கள். காசு கணக்கில விழுந்து பாங்கில உறுதியான பிறகுதான் சாமான் வீட்டை விட்டு வெளிக்கிடோணும்.

கட்டி அனுப்புறது

கார்ட்டை மெல்லிய உறையில போட்டு, தடிச்ச பிளாஸ்டிக் உறைக்குள்ள இறக்கி, ரெண்டு கார்ட்போட் மட்டைக்கு நடுவில வைச்சு டேப் போடுங்கோ, டேப் உறையில படவேணும், கார்ட்டில இல்லை. பிறகு பொலித்தீனில சுத்துங்கோ, மழைக்காலம் எண்டால் ரெண்டு சுத்து. அதோட ஒரு தாளில கொப்பிக் கதையின்ட பிரதியும். சாதாரண தபால் வேண்டாம், தபால் கந்தோரில பதிவுத் தபால் இல்லாட்டி ஈஎம்எஸ் விரைவுத் தபால், பெறுமதி கூடினதுக்கு காப்புறுதியோட கூரியர். சுங்கப் படிவத்தில உண்மை விலையை எழுதுங்கோ, வாங்கிறவர் குறைச்சுப் போடச் சொல்லிக் கெஞ்சினாலும், துலைஞ்சால் படிவத்தில எழுதின தொகைக்கு மேல நட்டஈடு வராது. ரசீதைக் கொப்பியில ஒட்டுங்கோ.

காசு வந்த உடன குடும்பத்துக்குக் கணக்கு. இதை விக்கத் தொடங்க முதலே பேசி எழுதிப்போடுங்கோ, எங்கட வீட்டில பெரியம்மாவுக்குப் பாதி, மிச்சம் பிள்ளையளுக்குச் சமனா, செலவை மொத்தத்தில கழிக்கிறது எண்டு அவட கையாலயே கொப்பியின்ட முதல் பக்கத்தில எழுதுவிச்சம். ஒவ்வொரு விற்பனைக்கும் ஸ்கிரீன்சொட் குடும்ப வட்ஸ்அப்பில. கனடாவில இருக்கிற அக்கா ஒருநாளும் கேள்வி கேக்கேல்ல, ஏனெண்டால் கேக்க ஒண்டும் மிச்சம் இருக்கேல்ல.

விக்கிறதுக்கு முன்னம் எல்லாத்தையும் ஒருக்கா ஸ்கேன் பண்ணுங்கோ, ஊர்க் கிளப் மலர், பள்ளிக்கூட அணிப் போட்டோ, உள்ளூர் மட்ச் நோட்டீஸ் மாதிரி சாமானை கட்டாயம். நூலகம் நிறுவனம் 2005ல இருந்து எங்கட ஆக்களின்ட ஆவணங்களை இணையத்தில சேத்துக்கொண்டு வருது, ஸ்கேனை அவையிட்டக் குடுத்தால் அசல் எங்க போனாலும் படம் இருக்கும். எங்களிட்ட 50களில எடுத்த ஒரு புட்போல் அணிப் போட்டோ இருந்தது, வெறுங்காலோட 11 பேர், நடுவில பந்தில சோக்கால எழுதின வருசம். வெளிநாட்டுக்காரனுக்கு அதில 500 ரூபாயும் இல்லை. பெரியம்மா பேர் சொல்லச் சொல்ல நான் எழுதினன், 11இல 8 பேர் தெரிஞ்சுது. மிச்ச மூண்டு பேரையும் கண்டுபிடிக்க அந்தப் போட்டோவின்ட கொப்பி ஒண்டு இப்ப மெயின் வீதியில தெரிஞ்ச ஒருத்தர்ட சலூன் கண்ணாடியில ஒட்டியிருக்கு, போன மாசம் ஒரு வயசாளி வந்து ஒரு பேர் சொல்லிட்டுப் போயிருக்கிறார்.